பள்ளிப் பருவத்தில் முழவுக் குழு: காஞ்சிபுரத்தை முன்வைத்து

காஞ்சிபுரத்தில் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் படிக்கும் பிள்ளை தோல்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு குழுவோடு வாசிக்க நான்கு வழிகள் உண்டு. முதலாவது பள்ளியின் பேண்டுக் குழு. பெரிய டிரம், சைடு டிரம், ஊதுகருவிகள் என்று சுதந்திர தினத்துக்கும் விளையாட்டு விழாவுக்கும் அணிவகுத்து வாசிப்பது. இரண்டாவது பறைக் குழு. அரசுப் பள்ளிகளில் 2022–23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா இதற்குப் பள்ளிக்குள்ளேயே ஒரு மேடை கொடுத்திருக்கிறது. மூன்றாவது சிவனடியார்கள் நடத்தும் கயிலாய வாத்தியக் குழு. பெருமுழவுகளோடு கொக்கரை, எக்காளம், சங்கு, பிரம்மதாளம் சேர்த்துச் சாமி புறப்பாட்டில் முழக்குவது. நான்காவது பரம்பரையாக வரும் மேளம். கோயிலிலும் கல்யாணத்திலும் தவில், அம்மன் கோயில்களில் பம்பை, சுற்றுப்புறக் கிராமங்களின் கூத்தில் மிருதங்கமும் டோலக்கும்.

நான்கிலும் பிள்ளையின் கை செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். யாருக்காக வாசிக்கிறது என்பதில்தான் வேறுபாடு. பேண்டுக் குழுவும் கலைத் திருவிழாப் பறைக் குழுவும் மதிப்பெண்ணுக்கு வாசிக்கின்றன. கயிலாய வாத்தியம் சாமிக்கு வாசிக்கிறது; அதில் வாசிப்பதைத் தொண்டு என்பார்கள், கூலி கிடையாது. மேளக்காரர் வீட்டுப் பிள்ளை வாசிப்பது பிழைப்புக்கு. ஒரே பையன் வெள்ளிக்கிழமை பள்ளிப் போட்டியிலும், சனிக்கிழமை பிரதோஷத்திலும், ஞாயிற்றுக்கிழமை தகப்பனோடு ஒரு கல்யாணத்திலும் வாசிக்க நேரலாம். பள்ளிப் பிள்ளைகள் இத்தகைய குழுக்களில் சேரலாமா என்ற கேள்விக்கு மொத்தமாக ஒரு பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

சேர்வதால் கிடைப்பது என்ன என்பதை முதலில் பார்க்கலாம். பறைக் குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளை முதலில் கற்பது குச்சி பிடிப்பதை. வேப்பமரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலை மார்போடு சாய்த்து, இடது கையில் நீளமான மெல்லிய சிம்புக் குச்சியும் வலது கையில் குட்டையான அடிக்குச்சியும் பிடிக்க வேண்டும். வாசிப்பதற்கு முன் வைக்கோலோ காகிதமோ கொளுத்தி அந்தத் தீயில் தோலைக் காய்ச்சுவார்கள். தளர்ந்த தோல் விறைத்து ஒலி கூர்மையாகும். எவ்வளவு காய்ச்சினால் போதும் என்பதைத் தட்டிப் பார்த்துக் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்தது காலடி. அடி மாறும்போது கால் மாற வேண்டும், கால் மாறும்போது வரிசை கலையக் கூடாது. பத்துப் பேர் சேர்ந்து அடிக்கும்போது தன் பறையை மட்டும் கேட்கிற பிள்ளை அரை நொடி முந்திவிடும். பக்கத்துப் பறையைக் கேட்கப் பழகிய பிள்ளைதான் வரிசையில் நிற்கும். வகுப்பறையில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேர்வு எழுதிப் பழகியவர்களுக்கு, மற்றவரைக் கேட்டால்தான் தன் வேலை சரியாக வரும் என்ற பாடம் வேறு எந்தப் பாடவேளையிலும் இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பதில்லை.

தவிலில் கல்வி வாயிலிருந்து தொடங்குகிறது. ‘தா தி தொம் நம்’ என்று சொல்லிப் பழகிய பிறகே கை தோலுக்குப் போகும். வலது கை விரல்களில் துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த கூடுகள், இடது கையில் கழி. கூடு பழகும்வரை விரல் நுனி வலிக்கும், தோல் உரியும். மூன்று காலங்களில் ஒரே சொற்கட்டைச் சொல்வதும், ஆவர்த்தனத்தின் நடுவில் ஒரு தீர்மானத்தைத் தொடங்கிச் சமத்தில் கொண்டுவந்து முடிப்பதும் மனக்கணக்கு. கணக்குப் பாடத்தில் பின்தங்கியதாகச் சொல்லப்படும் பிள்ளை இதைத் தாளம் போட்டுக்கொண்டே செய்யும். இந்த ஊருக்கு லயக் கணக்கு புதிதும் இல்லை. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) பாட்டுக்காரர்தான்; ஆனால் மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்களை வரிசையாக உட்காரவைத்து அவர் செய்த ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகளுக்காகவே பெயர் பெற்றவர். இங்குள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளி தவிலையும் மிருதங்கத்தையும் முறையான மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பாகக் கற்றுத்தருகிறது.

பயன் இருக்கிறது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. சிக்கல் நேரத்தில் தொடங்குகிறது. கோயில் நகரத்தின் ஆண்டும் பள்ளிக்கூடத்தின் ஆண்டும் ஒன்றோடொன்று மோதும்படி அமைந்திருக்கின்றன. காமாட்சி அம்மன் கோயிலின் பிரம்மோற்சவம் மாசியில் வருகிறது. பிளஸ் டூ மாணவர்களுக்கு அது செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும் நடக்கும் காலம், பொதுத் தேர்வும் தொடங்கிவிடும். ஏகாம்பரநாதர் கோயிலின் பங்குனி உத்திரத் திருவிழாவும் அறுபத்துமூவர் புறப்பாடும் பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கும் நாட்களை ஒட்டியே வருகின்றன. கயிலாய வாத்தியத்துக்கு இதைவிடப் பெரிய நாட்கள் இல்லை. வரதராஜப் பெருமாள் கோயிலின் வைகாசி பிரம்மோற்சவம், ஊரே திரளும் மூன்றாம் நாள் கருட சேவை உட்பட, கோடை விடுமுறையிலோ பள்ளி திறக்கும் வாரத்திலோ விழும். ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில்களில் பம்பை ஓயாது. அப்போது முதல் பருவப் பாடங்கள் ஓடிக்கொண்டிருந்தாலும் காலாண்டுத் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கும். ஆக, குழுவில் சேரும் பிள்ளைக்கு ஆடியும் வைகாசியும் தாங்கக்கூடியவை. மாசியும் பங்குனியும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தாங்க முடியாதவை. குழு நடத்துபவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறாரா என்பதைப் பெற்றோர் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நாளைப் போலவே மணியும் ஒரு சிக்கல். சாமி புறப்பாடு இரவில் நீளும். கூத்து இரவு பத்து மணி அளவில் தொடங்கி விடியும்வரை நடக்கும். ஒலி மாசு விதிகள் (2000) இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிகளையும் ஒலியெழுப்பும் கருவிகளையும் தடைசெய்கின்றன; பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்வு தரலாம். இந்த விதி ஊரின் தூக்கத்தை நினைத்து எழுதப்பட்டது. கருவியைத் தோளில் சுமப்பவரின் தூக்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. திருவிழா முடிந்த மறுநாள் காலை முதல் பாடவேளையில் தூங்கி வழியும் பிள்ளையை ஆசிரியர் சோம்பேறி என்று எழுதிவைக்கிறார். குழுவில் அதே பிள்ளைக்கு உழைப்பாளி என்று பெயர்.

காது பற்றித் தமிழில் அதிகம் பேசப்படுவதில்லை. தொழிலிடங்களுக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 97இல் அரை மணி, 100 டெசிபலில் கால் மணி நேரம். இது வளர்ந்தவர்களுக்கான கணக்கு. குழந்தைகளுக்கு இன்னும் குறைந்த அளவையே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது: வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். ஒன்றிரண்டு மணி நேரம் முழங்கும் ஒரு தோல்கருவிக் குழுவின் நடுவில் நிற்பவர் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுகிறார். காதின் உள்ளே சேதமாகும் மயிர்ச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. வாசித்து முடித்த பிறகு காதில் ‘ஙொய்’ என்று ஒலி நிற்காமல் கேட்பது பெருமைக்குரிய களைப்பன்று, அது எச்சரிக்கை. மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பர் காதடைப்பானே பெருமளவு பாதுகாப்புத் தரும். பயிற்சியை மூடிய அறையில் வைக்காமல் திறந்த வெளியில் வைப்பதும், வரிசையில் இடம் மாற்றி நிறுத்துவதும் செலவில்லாத வழிகள்.

அடுத்தது பணம். இதில் காஞ்சிபுரத்துக்குத் தனி அனுபவம் இருக்கிறது. பட்டுச் சேலையின் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் வைத்து நெய்யும் கோர்வை வேலைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் குழியில் கால் விட்டு உட்கார்ந்து உடல் நாடாவையும் வலப்பக்கக் கரை நாடாவையும் ஓட்டுவார். இடப்பக்கக் கரைக்கான நாடாவைக் கையாள் ஓட்ட வேண்டும். அந்தக் கையாள் பெரும்பாலும் ஒரு சிறுவன். சின்ன விரல், கூர்மையான கண், குறைந்த கூலி. இந்த வயதில் உட்கார்ந்தால்தான் வேலை கைவரும் என்றார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. அதைவிடப் பெரிய உண்மை, பிள்ளையின் பெயரில் பெற்றோர் வாங்கியிருந்த முன்பணம். அது தீரும்வரை பையன் தறியை விட்டு எழ முடியாது. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் இருந்த கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. குழந்தைகளைத் தறியிலிருந்து மீட்டுச் சிறப்புப் பள்ளிகள் வழியாகப் படிப்புக்குக் கொண்டுவர அரசும் தொண்டு நிறுவனங்களும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

தறியில் உட்கார்ந்த பிள்ளையும் கலையைத்தான் கற்றது. அதன் கையில் வந்ததும் உயர்ந்த வேலைதான். ஆனாலும் அதைக் கல்வி என்று இன்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு எழுந்து போகும் உரிமை இல்லை. முழவுக் குழுக்களை எடைபோடவும் இதுவே சரியான அளவுகோல். பயிற்சி கடுமையா, எளிதா என்பது இரண்டாம் கேள்வி. இன்று நின்றுவிடுகிறேன் என்று பிள்ளை சொன்னால் நாளை என்ன நடக்கும் என்பது முதல் கேள்வி. பள்ளிப் பேண்டுக் குழுவில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. கயிலாய வாத்தியக் குழுவில் சாமி காரியத்தைப் பாதியில் விட்டான் என்ற வருத்தம் மிஞ்சும். அந்த வருத்தமே சில பிள்ளைகளைக் கட்டிப்போடப் போதும். கூலிக்குப் போகும் குழுவில், முகூர்த்த நாட்களுக்கு முன்பணம் வாங்கியிருந்தால், நடப்பது தறியில் நடந்ததை நெருங்கிவிடும்.

சட்டம் இதில் பாதி தூரம்தான் வருகிறது. 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபின் 14 வயது நிறையாதவரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதும், திரை, தொலைக்காட்சி போன்றவற்றில் நடிப்பதும் விதிவிலக்கு. அந்தக் குழந்தைக் கலைஞர்களுக்காக 2017இல் வந்த விதிகள் தெளிவானவை: ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு பிள்ளையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும், பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்க வைக்கக் கூடாது. இவை படப்பிடிப்புத் தளத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சாமி புறப்பாட்டில் நடக்கும் பதினைந்து வயதுக்காரரை அவை நேராகத் தொடுவதில்லை. அப்படியிருந்தும் ஒரு குழு தனக்குத் தானே வைத்துக்கொள்ள இதைவிட நல்ல ஒழுங்கு கைவசம் இல்லை.

பறையைப் பற்றிப் பேசும்போது சாதியை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. சாவு வீட்டில் அடிக்க வேண்டியது ஒரு சாதியின் கடமை என்று ஊர் விதித்தது; மறுத்தவர்கள் அடிபட்டார்கள். இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தது தலித் மக்களின் போராட்ட வரலாற்றில் ஓர் அத்தியாயம். அதே பறையைத் தன்மானத்தின் கருவியாகக் கையில் எடுத்தது அடுத்த அத்தியாயம். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. சென்னையின் புத்தர் கலைக்குழு அதைப் பயிற்சிப் பட்டறைகள் வழியாக எல்லாச் சாதியினரிடமும் கொண்டுபோனது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மேடை மாறிவிட்டது; தெரு எல்லா இடத்திலும் மாறவில்லை. கலைத் திருவிழாவில் பறை அடித்துப் பரிசு வாங்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு அது கூடுதல் திறமை. இன்னொருவருக்கு, ஊர் திரும்பியதும், ‘அப்போ சாவுக்கும் நீயே வந்துடு’ என்ற கேலியாக மாறக்கூடும். தன் பிள்ளை பறையைத் தொடவே கூடாது என்று சொல்லும் தகப்பனின் பிடிவாதத்தில் நியாயம் உண்டு. பள்ளி அந்தத் தகப்பனிடம் பாரம்பரியப் பெருமை பேசுவதைவிட, பறைக் குழுவில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் சரிசமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது பயனுள்ள பதில். ஒரே தெருவிலிருந்து மட்டும் ஆள் எடுக்கும் பறைக் குழு, பள்ளிக்குள் நடந்தாலும், பழைய ஏற்பாட்டையே தொடர்கிறது.

போட்டி என்பது இந்தக் கலைகளுக்குப் புதிதாக வந்த நோய் என்று கருதுவோர் உண்டு. காஞ்சிபுரத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இங்கே வளர்ந்த டி.கே. பட்டம்மாள் (1919–2009) சிறுமியாக இருந்தபோது நயினாப் பிள்ளை நடத்திய போட்டியில் பாடிப் பரிசு பெற்றவர். திருவிழாக்களில் இரண்டு தவில்காரர்களை எதிரெதிரே நிறுத்தித் தனி வாசிக்கவைத்து விடியும்வரை ரசித்த கூட்டம் நடுவர் இல்லாமலே தீர்ப்புச் சொன்னது. கலைத் திருவிழா அதைப் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிகளாக்கி, தொடங்கிய ஆண்டிலேயே ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 200க்கும் மேற்பட்ட பிரிவுகளில் நடத்தி, கலையரசன், கலையரசி என்று விருதும் தருகிறது. பேண்டுக் குழுக்களுக்குக் குடியரசு தினத்தை ஒட்டித் தேசிய அளவில் போட்டி இருக்கிறது.

போட்டியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் அமெரிக்கர்கள். அங்கே 1971இல் டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு உருவாகி 1972 முதல் சாம்பியன் போட்டி நடத்துகிறது. முழவும் ஊதுகருவியும் கொடி வீச்சும் சேர்ந்த அணிவகுப்புக்கு நூற்றுக்கு மதிப்பெண். 2014இல் புளூ டெவில்ஸ் குழு எடுத்த 99.65 அதன் உச்சம். பிள்ளைகள் கோடை முழுக்கப் பேருந்தில் ஊர் ஊராகப் போய், பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் படுத்து, காலை முதல் இரவுவரை வெயிலில் பயில்கிறார்கள். சேர்வதற்குப் பல ஆயிரம் டாலர் கட்டணம் கட்ட வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் ஒடுக்கம். ஆனால் இரண்டு செய்திகளில் அவர்களிடம் கற்க இருக்கிறது. போட்டிப் பருவம் முழுவதும் கோடைக்காலத்துக்குள், ஆகஸ்டு நடுவுக்குள் முடிந்துவிடுகிறது. வயது வரம்பு 22. அதைத் தாண்டியவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வெளியேற வேண்டும், அவர் இடத்துக்கு இளையவர் வருவார். அங்கே பிள்ளை காசு கட்டி வாசிக்கிறது. இங்கே பல குழுக்களில் காசு வாங்கி வாசிக்கிறது. காசு கட்டும் ஏற்பாடு ஏழையை உள்ளே விடுவதில்லை. காசு வாங்கும் ஏற்பாடு ஏழையை வெளியே விடுவதில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். ஐயங்கார்குளத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் தொடங்கிய குருகுலம் அது. அதை உருவாக்கிய பெ. ராஜகோபால், சிறுவயதிலேயே பள்ளியை விட்டுத் தகப்பனாரின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். கூத்து தனக்குக் கொடுத்ததையும் பள்ளி இல்லாமல் போனதால் தான் இழந்ததையும் ஒருசேர அறிந்தவர். அவரும் ஹன்னே டி புருயினும் சேர்ந்து அமைத்த உறைவிடப் பள்ளியில் ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் வழக்கமான பாடங்களைப் படித்தார்கள். அதோடு அடவு, பாட்டு, முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், டோலக் பயின்றார்கள். விடிய விடிய நடக்கும் கூத்தின் கடுமை குறையவில்லை. ஆனால் அது பள்ளி ஆண்டுக்குள் இடம் பார்த்து வைக்கப்பட்டது. படித்து முடித்தவர் கூத்தாடியாகவும் போகலாம், கல்லூரிக்கும் போகலாம். இரண்டுக்கும் வேண்டிய தகுதி கையில் இருந்தது. 2020இல் குருகுலம் மூடப்பட்டது. இத்தகைய பள்ளியை நடத்த ஆகும் செலவை மாணவர் கட்டணமும் கூத்துக் கூலியும் தாங்கா. வெளியிலிருந்து நிதி வந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த வழி நல்லது என்பதற்கும் மலிவானதன்று என்பதற்கும் அதுவே சான்று.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பள்ளிப் பிள்ளைகள் முழவுக் குழுவில் சேரலாம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. சேர்க்கும் குழு சிலவற்றை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் கற்கத் தகுந்த காலம், கூலிக்குப் போகும் காலம் இல்லை. ஒன்பதும் பதினொன்றும் ஊர்வலத்துக்கும் போட்டிக்கும் தாராளமாக இடம் தரும் ஆண்டுகள். பத்திலும் பன்னிரண்டிலும் தை பிறந்தது முதல் தேர்வு முடியும்வரை பிள்ளையை அழைக்காமல் இருப்பது குழுவின் பொறுப்பு. அந்த இடைவெளிக்குப் பின் வரிசையில் அதன் இடம் அப்படியே இருக்க வேண்டும். பள்ளி நாளுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு மேல் வாசிப்பு வேண்டாம். காதடைப்பான் கருவியோடு சேர்த்தே தரப்பட வேண்டும். பணம் வந்தால் பிள்ளையின் கணக்கில் ஒரு பங்கு போக வேண்டும். முன்பணம் எந்த வடிவிலும் கூடாது. போட்டியில் தோற்ற குழுவுக்கும் அடுத்த ஆண்டு பயிற்சி தொடர வேண்டும், ஏனென்றால் கற்பதற்குத்தான் பிள்ளை வந்தது. இவ்வளவையும் ஒப்புக்கொள்ளும் குழு காஞ்சிபுரத்தில் எந்தக் கோயில் வாசலில் முழங்கினாலும், எந்தப் பள்ளி மைதானத்தில் அணிவகுத்தாலும், பிள்ளையை நம்பி அனுப்பலாம். ஒப்புக்கொள்ளத் தயங்கும் குழுவுக்குத் தேவைப்படுவது மாணவர் இல்லை, கையாள்.